குதிரை, சேவல், நான்

பிப்ரவரி 9, ஞாயிறு

டயர் கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. இதுவரை டீசல் போட்ட தேதியைத் தவிர இதில் எதுவும் எழுதியதில்லை. பத்தாம் வகுப்பு முடித்த பிறகு நான் கோர்வையாக எழுதியது பள்ளிக்கூட வேன் பர்மிட்டுக்குக் கொடுத்த மனு ஒன்றுதான். அதிலும் தேதி போட மறந்துவிட்டேன். ஆனால் இன்றைக்கு எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். வீட்டில் சொல்லலாம் என்றால் சாந்தாமணி சிரிக்கிறாள். கட்டிய மனைவி சிரிக்கிறாள்!

என் மகள் தர்ஷிகா ஒன்பதாவது படிக்கிறாள். சனி, ஞாயிறு காலையில் குங்ஃபூ வகுப்புக்குப் போகிறாள். சீனத்துச் சண்டை. எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் கார் நிறுத்தும் ஷெட் இருக்கிறது, அங்கேதான் நடக்கிறது. நான் கொண்டுபோய் விட்டுவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பேன். பொங்கலுக்கு முன்னாலிருந்து பார்க்கிறேன். ஓர் உதை உண்டா? ஒரு குத்து உண்டா? கிடையாது. காலை அகட்டி, முழங்காலை மடக்கி, இல்லாத நாற்காலியில் உட்கார்ந்ததுபோல் எல்லாரும் நிற்கிறார்கள். அதற்குக் குதிரை நிலை என்று பெயர். குதிரை மேல் இருப்பவர் உட்காரும் விதமாம். குதிரை எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

இன்றைக்கு நான் கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க மாஸ்டர், எப்பத்தான் ஒதைக்கச் சொல்லித் தருவீங்க? புள்ளைக நெம்ப நாளா கக்கூஸ்ல ஒக்காந்தாப்பலயே நிக்குதுகளே?"

பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். தர்ஷிகா மட்டும் சிரிக்கவில்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மேற்கூரையைப் பார்த்தாள். மாஸ்டர் பெயர் எஸ்தர். மாஸ்டர் என்றால் மீசை வைத்த ஆள் என்று நினைக்க வேண்டாம். என் தோள் உயரம்கூட இல்லாத பெண். கோபமே படாமல் சொன்னாள்:

"நிக்கத் தெரிஞ்சாத்தானுங்கண்ணா ஒதைக்க முடியும். வாங்க, ஒருக்கா நின்னு காட்டுங்க."

"நானுங்களா?"

"ஏனுங்கண்ணா, காலு இல்லீங்களா?"

இத்தனை பேர் முன்னால் ஒருத்தி என்னைப் பார்த்துக் கால் இல்லையா என்கிறாள். இருபது வருடமாக கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர் மிதித்த கால் இது! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். சித்த நேரத்தில் தொடை நடுங்கியது. வண்டி ஆஃப் ஆகும்போது வேன் நடுங்குமே, அந்த மாதிரி. அப்புறம் உட்கார்ந்துவிட்டேன். இந்த முறை நிஜமாகவே தரையில்.

அடுத்த வாரத்திலிருந்து நானும் வகுப்பில் சேருகிறேன். ரோஷம்தான் காரணம். வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 15, சனி

வகுப்பில் எனக்கு அடுத்த பெரிய ஆள் பிளஸ் ஒன் படிக்கிறான். நான் அவர்களுக்கு நடுவில் நின்றால் நாற்றங்காலில் தென்னை மரம் நட்டதுபோல் இருக்கிறது. அதுவும் சாய்ந்த தென்னை.

வெறுங்காலில்தான் நிற்க வேண்டும். பனிக்குத் தரை ஐஸ் மாதிரி இருக்கிறது என்று பிள்ளைகள் காலை மாற்றி மாற்றித் தூக்கின. நான் அசையவில்லை. "பாருங்க, ஒரு முக்கல் மொனகல் உண்டா எங்கிட்ட?" என்றேன். மாஸ்டர் பாராட்டவே இல்லை. "உள்ளங்காலால தரையைப் புடிங்கண்ணா. பெருவெரலு தரையைக் கடிக்கோணும். தரை தெரியுதுங்களா?" என்றாள்.

தரை தெரியாமல் என்ன? கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

சாந்தாமணி சர்க்கரை இல்லாமல் டீ கொடுத்தாள். ஏன் என்றால், போன தீபாவளி சமயம் முகாமில் ரத்தம் எடுத்துச் சொன்னார்களே, மறந்து போச்சா என்கிறாள். சர்க்கரை இந்த ஊரில் யாருக்குத்தான் இல்லை? மாத்திரை டப்பா அலமாரியில் பத்திரமாகத்தான் இருக்கிறது; நான் என்ன தூக்கியா எறிந்தேன்? குடும்ப அமைதிக்காக அந்த டீயைக் குடித்துவிட்டு, என் அமைதிக்காக பேக்கரிக்குப் போய் இன்னொரு டீயும் தேங்காய் பன்னும் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 22, சனி

திருட்டு! வகுப்பில் என் செருப்பைத் திருடிவிட்டார்கள். அதுவும் ஒற்றைச் செருப்பை.

வகுப்பு முடிந்து மண்டபத்தை விட்டு வெளியே வந்து, ரோட்டைத் தாண்டி, வேனில் ஏறும்போது தர்ஷிகா கேட்கிறாள், "அப்பா, ஒரு செருப்பு எங்கீங்க?" குனிந்து பார்த்தால் இடது கால் வெறுங்கால். திரும்பிப் போய் மாஸ்டரிடம் சத்தம் போட்டேன். "தற்காப்புக் கலை சொல்லித் தர்ற எடத்துல என் செருப்பையே தற்காக்க முடியலீங்களே!" பிள்ளைகளை எல்லாம் வரிசையாக நிற்கவைத்துக் கேட்டேன். ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

செருப்பு மண்டபத்து வாசலில், ரோட்டோரம் கிடந்ததாம். தர்ஷிகாதான் எடுத்துவந்தாள்.

"நீங்க போட்டுட்டுத்தானுங்க வந்தீங்க. வழியில கழண்டிருக்குது."

"கழண்டா எனக்குத் தெரியாதா அம்மிணி?"

எடுத்தவன் பயந்துபோய் வாசலில் போட்டிருக்கிறான். இது தெரியவில்லையே இந்தப் பிள்ளைக்கு.

மார்ச் 1, சனி

இன்றைக்கு சேவல் நிலை. ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலை வயிறு வரை மடக்கித் தூக்க வேண்டும். ஷெட் தரை தண்ணீர் ஓடுவதற்காக வாட்டம் விட்டுப் போட்ட தரை. கொத்தனார் செய்த வேலைக்கு நான் விழுகிறேன். விழுந்த பிறகு மாஸ்டர் என்னை இடம் மாற்றி நிற்கச் சொன்னாள். அங்கேயும் வாட்டம். மூன்றாவதாக நின்ற இடத்திலும் வாட்டம். அந்தக் கொத்தனார் என் கையில் கிடைக்க வேண்டும்.

மார்ச் 5, புதன்

தாயே, மாரியம்மா!

இன்றைக்குக் குண்டம், தீ மிதிக்கும் நாள். காப்புக் கட்டியதிலிருந்து ஒருவேளைச் சோறு. விடியற்காலையில் மஞ்சள் வேட்டியும் வேப்பிலையுமாக வரிசையில் நின்றேன். பூசாரி பூப்பந்தை உருட்டிவிட்டு முதலில் இறங்கினார். குண்டம் செக்கச் செவேல் என்று இருந்தது. பக்கத்தில் நின்றாலே முகம் காய்ந்தது. வருடா வருடம் நான் இறங்குபவன்தான். வருடா வருடம் நடுவில் ஓர் இடத்தில் சுருக்கென்று ஏறும். "தாயே" என்று கத்திக்கொண்டு வேகம் எடுப்பேன். இந்த வருடம் ஒன்றுமே இல்லை. எழுதும்போதே எனக்குப் புல்லரிக்கிறது. பஞ்சு மெத்தையில் நடந்த மாதிரி நடந்தேன். எனக்குப் பின்னால் வந்தவர் அவசரத்தில் என்னை இடித்துக்கொண்டு ஓடினார். நான் ஊர்வலம் போவதுபோல் போனேன். கரையில் நின்றவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள், அம்மனை அல்ல, என்னை.

முப்பது வருட பக்தி இப்போதுதான் முற்றியிருக்கிறது.

சாயங்காலம் சாந்தாமணி காலைப் பார்த்து, "ஏனுங்க, இத்தன பெரிய கொப்புளம் இருக்குது, எரியிலீங்களா?" என்று மஞ்சள் அரைத்துப் பூசினாள். எரிந்தால்தானே சொல்வதற்கு?

மார்ச் 8, சனி

வகுப்பில் குண்டத்தைச் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியுமா? நெருப்பில் நடந்தவனுக்கு இவர்கள் சிமெண்டுத் தரையில் நிற்கக் கற்றுக் கொடுக்கிறார்கள்!

மாஸ்டர் கேட்டாள், "சுடவே இல்லீங்களா?"

"கொஞ்சங்கூட இல்லீங்க."

"போன வருசம்?"

"போன வருசம் சுட்டுச்சுங்க. அதைத்தான சொல்றேன், பக்தி ஏறியிருக்குது."

பிள்ளைகள் கை தட்டினார்கள். மாஸ்டர் தட்டவில்லை. குனிந்து என் காலைப் பார்த்தாள். வேறு மதத்துப் பெண், நம் அம்மன் மகிமை அவளுக்கு எப்படிப் புரியும் என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டேன். தர்ஷிகாவும் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் நம் மதம்தானே?

மார்ச் 10, திங்கள்

வேனில் பிரேக் பெடல் பஞ்சாகிவிட்டது. மிதித்தால் மிதித்த மாதிரியே இல்லை. மெக்கானிக் செல்வராசுவிடம் காட்டினேன். கழற்றிப் பார்த்து, மாட்டி, ஓட்டிப் பார்த்து, "நாட்ராயண்ணா, பிரேக்கு கல்லாட்ட இருக்குதுங்க" என்கிறான். கல்லாம்! என் வேனைப் பற்றி எனக்குச் சொல்கிறான். தொழில் தெரியாதவர்கள் எல்லாம் பட்டறை வைத்துவிட்டார்கள்.

மார்ச் 12, புதன்

இன்றைக்கு நடந்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன். பள்ளிக்கூடத் திருப்பத்தில் ஒரு மொபெட்காரன் குறுக்கே வந்தான். பிரேக் அடித்தேன். வண்டி நிற்கவில்லை, பாய்ந்தது. வேன் மூக்கு போய்ச் சுவரில் இடித்தது. லேசாகத்தான். யூகேஜி படிக்கும் மித்ரனுக்கு முன் சீட்டுக் கம்பியில் உதடு பட்டு ரத்தம். மற்றக் குழந்தைகள் பயத்தில் அழுதன. அவ்வளவுதான்.

மொபெட்காரன் ஓடிவிட்டான். செல்வராசு செய்த வேலையின் லட்சணம் இது. வாயில் வந்ததை எல்லாம் போனில் சொன்னேன்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. என் வலது செருப்பு பிரேக்குக்கு அடியில் செருகிக்கொண்டு இருந்தது. கால் வெறுங்காலாக ஆக்சிலேட்டர் மேல் இருந்தது. குழந்தைகள் யாராவது விளையாடியிருப்பார்கள். தர்ஷிகா முன் சீட்டில்தான் இருந்தாள். குனிந்து செருப்பை எடுத்து என் காலில் மாட்டிவிட்டாள்.

மித்ரனின் அம்மா நல்ல மாதிரி. "பரவால்லீங்கண்ணா, நீங்க இருந்ததாலதான் இத்தோட போச்சு" என்றார்.

ராத்திரிச் சோறு இறங்கவில்லை. குழம்பில் உப்பு ஜாஸ்தி.

மார்ச் 13, வியாழன்

இதைவிட அவமானம் உண்டா! இருபது வருட டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒன்பதாவது படிக்கிறவள் சொல்கிறாள், "பிரேக்குங்கப்பா." ஸ்பீடு பிரேக்கர் வந்தால் "பிரேக்குங்கப்பா." ஸ்டாப் வந்தால் "பிரேக்குங்கப்பா." பின்னால் இருக்கும் குழந்தைகளும் பாட்டு மாதிரி சேர்ந்து சொல்ல ஆரம்பித்துவிட்டன.

"நீ எனக்கு சொல்லித் தர்றியா அம்மிணி?"

"இல்லீங்கப்பா. காலைப் பாத்துட்டு மிதிங்க."

காலைப் பார்த்துக்கொண்டு ஓட்டினால் ரோட்டை யார் பார்ப்பது? அந்த வகுப்புக்குப் போனதிலிருந்து இவளுக்கு வாய் நீண்டுவிட்டது. நிறுத்த வேண்டும்.

மார்ச் 15, சனி

இனிமேல் அந்த ஷெட் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டேன்.

வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகு மாஸ்டர் என்னை நிறுத்தினாள். தர்ஷிகா ஷெட் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, ஏதோ பேசி வைத்திருக்கிறார்கள் என்று.

"ரெண்டு காலையும் சேத்து வெச்சு சும்மா நில்லுங்கண்ணா. சேவலு கீவலு ஒண்ணும் வேண்டாம்."

நின்றேன். நேராக, கொடிக்கம்பம் மாதிரி.

"இப்பக் கண்ணை மூடுங்க."

மூடினேன். யாரோ தள்ளினார்கள். திறந்து பார்த்தால் நான் மாஸ்டர் கையில் கிடக்கிறேன், அவள் என் அக்குளைப் பிடித்திருக்கிறாள்.

"ஏனுங்க தள்ளறீங்க?"

"யாருமே தள்ளலீங்கண்ணா."

"தள்ளாம எப்படிங்க விழுவேன்? அம்மிணி, நீ பாத்தியல்லோ?"

தர்ஷிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், "ஒருத்தரும் தொடவே இல்லீங்கப்பா."

மாஸ்டர் சொன்னாள்: "இத்தன நாளும் நீங்க காலால நிக்கலீங்க, கண்ணால நின்னிருக்கீங்க. உங்க உள்ளங்காலு உங்ககிட்ட பேசவே இல்லை. சக்கரை இருக்குதுன்னு பாப்பா சொன்னா. டாக்டரைப் பாருங்கண்ணா. பாக்கற வரைக்கும் வண்டி எடுக்காதீங்க. பொறத்தால குழந்தைக இருக்குது."

வண்டி எடுக்காதே என்கிறாள்! என்னை! இந்த ஊரில் நாட்ராயன் என்று விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. வேன்கார நாட்ராயன் என்றால் நாய்கூட வழி காட்டும். குதிரை இல்லாமல் குதிரை ஓட்டச் சொல்லித் தருகிறவள் வேன்காரனை வேனை விட்டு இறங்கச் சொல்கிறாள். கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்பதை எழுத வேண்டாம். மகளிடமும் ஒரு வார்த்தை சொன்னேன், அதையும் எழுத வேண்டாம்.

மார்ச் 16, ஞாயிறு

குளிக்கும்போது முகத்துக்கு சோப்புப் போட்டுக் கண்ணை மூடினேன். பாத்ரூம் சுவரும் வாட்டமாகக் கட்டியிருக்கிறார்கள்.

மார்ச் 17, திங்கள்

காலையில் வேனைத் துடைத்து, பூப் போட்டு, சாவியோடு வந்தால், டிரைவர் கதவுக்கு முன்னால் தர்ஷிகா நிற்கிறாள். பள்ளிக்கூடச் சீருடையில், புத்தகப் பையைக் கீழே வைத்துவிட்டு, காலை அகட்டி, முழங்காலை மடக்கி. குதிரை நிலை.

"அக்கட்டால போ கண்ணு, நேரமாச்சு."

"தள்ளிட்டு ஏறிக்கோங்க."

"வெளையாடாத. மித்ரன் ரோட்டுல நின்னுட்டிருப்பான்."

"அவனுக்காகத்தானுங்கப்பா நிக்கறேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பக்கத்து வீட்டு மாடியில் எல்லாம் தலைகள். சாந்தாமணி கையில் தோசைக் கரண்டியோடு வாசலில் நின்றாள். அவளும் மகளைக் கூப்பிடவில்லை. நான் தர்ஷிகாவின் தோளில் கை வைத்துத் தள்ளினேன். பூப் போல வளர்த்த பிள்ளை, ஒரு தள்ளுக்கு நகர்ந்துவிடுவாள் என்று நினைத்தேன். நகரவில்லை. இரண்டு கையாலும் தள்ளினேன். வேனைத் தள்ளி ஸ்டார்ட் செய்த கை இது. அவள் இடுப்பு கொஞ்சம் இறங்கியது, அவ்வளவுதான். கால் இரண்டும் தரையில் முளைத்ததுபோல் இருந்தன. கக்கூஸில் உட்கார்ந்த மாதிரி என்று நான் சொன்ன அதே நிலை.

"ஏனம்மிணி, அப்பன் சோத்துல மண்ணப் போடறியா?"

"கண்ணை மூடி நில்லுங்கப்பா. விழாம நின்னுட்டீங்கன்னா நானே கதவத் தொறந்து விடறேன். என்மேல சத்தியமா."

தெருவே பார்க்கிறது. மூடாமல் இருந்தால் பயந்துவிட்டேன் என்பார்கள். மூடினேன். மாரியம்மனை நினைத்துக்கொண்டேன். பெருவிரலால் தரையைக் கடிக்கச் சொன்னார்களே, கடித்துப் பார்த்தேன். அங்கே கடிக்க ஒன்றும் இல்லை. பெருவிரலும் இல்லை. தரையும் இல்லை. முட்டிக்குக் கீழே யாரோ என்னை அழித்துவிட்ட மாதிரி இருந்தது. காலு இல்லீங்களா என்று மாஸ்டர் முதல் நாள் கேட்டது காதில் விழுந்தது. அப்புறம் நான் விழுந்தேன்.

தரையில் விழவில்லை. என் மொத்த எடையும் தர்ஷிகா மேல் போய்ச் சாய்ந்தது. அவள் பின்னால் போகவில்லை, பக்கவாட்டில் சாயவில்லை. என்னைத் தாங்கிக்கொண்டு அப்படியே நின்றாள். அவள் தொடை மட்டும் நடுங்குவது எனக்குத் தெரிந்தது.

"புடிச்சிருக்கறனுங்கப்பா" என்றாள்.

சாவியை எப்போது அவள் எடுத்தாள், நான் எப்போது கொடுத்தேன் என்று தெரியவில்லை. செல்வராசுவின் தம்பியிடம் லைசென்ஸ் இருக்கிறது. சாந்தாமணிதான் போன் போட்டாள். நான் திட்டிய அந்தச் செல்வராசுவே தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். ஒரு வார்த்தை குத்திப் பேசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். பேசவில்லை, படுபாவி.

மார்ச் 19, புதன்

டாக்டர் ஒரு விறைப்பான நைலான் நூலை எடுத்து, கண்ணை மூடிக்கொள்ளுங்கள், பாதத்தில் குத்துவேன், தெரிந்தால் சொல்லுங்கள் என்றார். நான் காத்துக்கொண்டே இருந்தேன். "குத்துங்க சார், நேரமாகுதல்லோ" என்றேன். சாந்தாமணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் குத்தி முடித்துவிட்டாராம்.

குண்டத்துக் கொப்புளம் உள்ளே சீழ் வைத்திருக்கிறது. நல்ல சமயத்தில் வந்தீர்கள், இல்லாவிட்டால் விரல் போயிருக்கும் என்றார். மாத்திரை, கட்டு, நடக்கக் கூடாது. வண்டி? சர்க்கரை தின்ற நரம்பு எவ்வளவு தேறும் என்று சொல்ல முடியாது, இப்போதைக்கு வண்டியை மறந்துவிடுங்கள் என்றார். மனைவியை மறந்துவிடு என்று சொல்வதுபோல் எத்தனை சுலபமாகச் சொல்கிறார்!

ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் கோயிலைத் தாண்டி வந்தோம். ஆட்டோவில் இருந்தபடியே கையெடுத்தேன். அம்மன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்றைக்குக் குண்டத்தில் அவளும் மாஸ்டர் மாதிரி, தரை தெரியுதா என்றுதான் கேட்டிருக்கிறாள். நான்தான் மாலை மரியாதை என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 19, சனி

செல்வராசுவின் தம்பி வேன் ஓட்டுகிற லட்சணத்தை எழுத இந்த டைரி போதாது. மூன்றாவது கியரில் போட வேண்டிய இடத்தில் இரண்டாவது. ஹாரன் என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. நான் குழந்தைகளை ஏற்றி இறக்கப் பின் சீட்டில் உட்கார்ந்து போகிறேன். இப்போது "பிரேக்குங்க தம்பி" என்று கத்துவது நான். மித்ரன் என் மடியில் உட்கார்ந்துகொண்டு அதைவிடச் சத்தமாகக் கத்துகிறான். உதடு ஆறிவிட்டது. அந்தத் தழும்பு என் கண்ணில் படாதபடி அவனை மறுபக்கம் திருப்பி உட்காரவைத்துக்கொள்கிறேன்.

சாந்தாமணி பின்பக்கம் வார் வைத்த செருப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறாள். எல்கேஜி பையன் மாதிரி இருக்கிறேன்.

புண் ஆறி, டாக்டரே சம்மதித்து, இன்றைக்குத்தான் மறுபடியும் வகுப்புக்குப் போனேன். அந்தப் பக்கம் தலை வைக்க மாட்டேன் என்று இதே டைரியில் எழுதியிருக்கிறேன், தெரியும். மண்டபத்தில் கல்யாணம். நாதஸ்வரமும் ரசத்து வாசனையும் ஷெட்டுக்குள்ளேயே வந்தன. மாஸ்டரிடம் மன்னிப்புக் கேட்க வார்த்தைகளைத் தயார் செய்து போயிருந்தேன். அவள் என் செருப்பைப் பார்த்துவிட்டு, "இதை எவனும் திருட முடியாதுங்கண்ணா" என்றாள். தயார் செய்ததெல்லாம் வீண்.

சேவல் நிலை. தர்ஷிகா எனக்கு முன்னால் குதிரையில் நிற்க, அவள் தோளில் கை வைத்துக்கொண்டு ஒரு காலைத் தூக்க வேண்டும். அதாவது குதிரை மேல் சேவல்! கல்யாணத்துக்கு வந்த கூட்டம் கைகழுவிக்கொண்டே வேடிக்கை பார்த்தது. பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில்கூட நான் இவ்வளவு கேவலப்பட்டதில்லை.

"கண்ணை மூடுங்கப்பா" என்றாள் தர்ஷிகா, திரும்பாமலே. "தரை தெரியுதுங்களா?"

தெரியுது என்றுதான் வாய் போனது. வழக்கம்.

"இல்ல கண்ணு" என்றேன். "தெரியல."

அவள் தோளைக் கொஞ்சம் உயர்த்தி என் கைக்கு வாகாக வைத்தாள்.

"செரி. மொதல்ல இருந்து பாக்கலாங்க."